சின்னப் பிள்ளைகளோடு அமெரிக்காவின் பழைய நகரங்கள்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு இடம் (பிள்ளைகளோடு போகிறவங்களுக்காக ஆறு பேர் தங்கள் புனைபெயரில் சொன்னது)

மலைக்கோட்டை:

பாஸ்டன்ல பழைய சரித்திர இடங்களை இணைக்கிற ஃப்ரீடம் டிரெயில் நடைபாதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், நேரா அதுல இருக்கிற பங்கர் ஹில் கோபுரத்துக்கு, அமெரிக்கச் சுதந்திரப் போர்ச் சண்டை ஒண்ணோட நினைவுச் சின்னத்துக்கு, வர்றேன். 294 படி, லிஃப்ட் கிடையாது. எண்ணிக்கையை விட படியோட வடிவம்தான் பிரச்சினை. சுருள் படிக்கட்டு. சுவர்ப் பக்கம் அகலம், உள்பக்கம் பாதம் வைக்க இடமில்லாத அளவு குறுகல். ஏற, இறங்க ரெண்டுக்கும் அதே வழி. இருநூறாவது படி வாக்கில் நாலு வயசுப் பிள்ளை "தூக்கு"ன்னு உட்கார்ந்துடும். பின்னால ஆள் நிக்கிறாங்க, மேலேர்ந்து ஆள் இறங்கி வர்றாங்க. அப்பா பிள்ளையை மார்போட அணைச்சுத் தூக்கினதும் அவருக்குத் தன் காலே தெரியாது. வழிவிட ஒதுங்கினா அந்தக் குறுகல் ஓரத்துலதான் கால் வைக்கணும். அந்தக் காட்சியை நினைச்சாலே எனக்கு வயித்தைப் பிசையும்.

ஏறியே ஆகணும்னா பிள்ளை எப்பவும் சுவர்ப் பக்கம். இறங்கும்போது பெரியவர் ரெண்டு படி கீழே, பிள்ளை மேலே. மூணு வயசுக்குக் கீழேன்னா முதுகில் கட்டுற கேரியர் மட்டும்தான், முன்னால தூக்கவே கூடாது. உள்ளே காத்தோட்டம் குறைவு. ஜூலை, ஆகஸ்ட்ல காலையிலேயே முடிச்சுடுங்க.

கடல்காகம்:

மலைக்கோட்டை சொல்ற ஆபத்து நிஜம். ஆனா ஆறு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையை அங்கே ஏத்துறதே தேவையில்லைங்கிறேன். 1775 ஜூன் 17-ல் அங்கே நடந்த சண்டையைப் பத்தி எதிர்த்தாப்ல இருக்கிற மியூசியத்துலயே பார்க்கலாம், அதுவும் இலவசம். பிள்ளைங்க அங்கே துவண்டு போறதுக்குக் காரணம் எல்லாரும் நடக்கிற வரிசை. பாஸ்டன் காமன்ங்கிற பூங்காவுல ஆரம்பிச்சு, இரண்டரை மைல் நடந்து, சக்தியெல்லாம் தீர்ந்த நேரத்துல கோபுரம் வருது. திருப்பிப் போடுங்க.

காலைல அக்வேரியம் மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கி லாங் வார்ஃப் படகுத்துறை. அங்கேர்ந்து கோபுரம் இருக்கிற சார்ல்ஸ்டவுனுக்குப் படகு, பத்து நிமிஷம். பிள்ளைங்களுக்கு அந்தப் படகே ஒரு கொண்டாட்டம். 11 வயசு வரைக்கும் பெரியவங்களோட வந்தா 'டி'ங்கிற பாஸ்டன் மெட்ரோ ரயிலுக்குக் காசு கிடையாது. படகுலேர்ந்து இறங்கின இடத்திலேயே யுஎஸ்எஸ் கான்ஸ்டிட்யூஷன்ங்கிற பழைய போர்க்கப்பல். 18 வயசுக்கு மேல எல்லாருக்கும் அடையாள அட்டை கேப்பாங்க, பாஸ்போர்ட்டை ஹோட்டல்லயே வச்சுட்டு வந்துடாதீங்க. கீழ்த்தளத்துக்குப் போற ஏணிப்படி செங்குத்து. முகம் படியைப் பார்த்தபடி, பின்பக்கமா இறங்கணும், பெரியவர் முதல்ல. ஸ்ட்ரோலர் உள்ளே ஆகாது.

கப்பலோட பக்கவாட்டு மரத்தோட கனத்தைப் பிள்ளைக்குக் கட்டாயம் காட்டுங்க. வெள்ளை ஓக் பலகை ரெண்டு அடுக்கு, நடுவுல ஜார்ஜியா லைவ் ஓக் சட்டங்கள். 1812-ல் பிரிட்டிஷ் கப்பலோட குண்டு இதுல பட்டுத் தெறிச்சதுனாலதான் 'ஓல்டு அயர்ன்சைட்ஸ்'னு (இரும்புப் பக்கம்னு அர்த்தம்) பேர் வந்துச்சு. 1797-ல் கடல்ல இறக்கினது, இன்னைக்கும் கடற்படைக் கணக்குல இருக்கு.

அப்புறம் பாலம் தாண்டி நார்த் எண்ட்ங்கிற பழைய பகுதி. அங்கே செங்கல் நடைபாதை மரவேரால மேடு பள்ளமாக் கிடக்கும். குடை மாதிரி மடக்குற ஸ்ட்ரோலரோட சின்னச் சக்கரம் செங்கல் இடுக்குல சிக்கிச் சட்டுனு நிக்கும், பிள்ளை முன்னால சாயும். பெல்ட் போடாம தள்ளாதீங்க. காத்தடிக்கிற பெரிய சக்கரம் இருந்தா நல்லது. மதியத்துக்கு மேல பாஸ்டன் காமன் வந்தா, கோடைல ஃப்ராக் பாண்ட் தண்ணியில பிள்ளைங்க காலை நனைச்சு விளையாடலாம். எதிர்ப் பூங்காவுல 1877-லேர்ந்து ஓடுற அன்னப் படகு. களைச்ச பிள்ளைக்கு நாளோட கடைசியில இப்படி ஒரு இடம் வேணும்.

செம்பருத்தி:

பிலடெல்பியா, லிபர்ட்டி பெல். அமெரிக்கச் சுதந்திரத்தோட அடையாளமான, விரிசல் விழுந்த பழைய மணி. டிக்கெட் வேண்டாம், செக்யூரிட்டி வரிசை மட்டும். எல்லாரும் அந்தப் பெரிய வெடிப்பைப் போட்டோ எடுத்துட்டு நகர்ந்துடறாங்க, எனக்கு அதுதான் ஆறவே மாட்டேங்குது. கண்ணுக்குத் தெரியிற அகலமான பிளவு தானா வந்தது இல்ல, ரிப்பேர் பண்ணினது. மெல்லிசா விழுந்திருந்த விரிசலோட ரெண்டு விளிம்பும் உரசி அதிராம இருக்கணும்னு 1846-ல் அதை வேணும்னே துளை போட்டு அகலமாக்கினாங்க. கிட்டப் போய்ப் பார்த்தா ஓரத்துல துளைக்கருவியோட தடம் வரிசையாத் தெரியும். அதுக்கு அப்புறம் ரெண்டாவது விரிசல் ஒண்ணு மேல்நோக்கி மயிரிழையா ஓடிச்சு. மணியை ஊமையாக்கினது அதுதான். பிளவோட மேல்முனையிலேர்ந்து விரலை நீட்டிப் பிள்ளைக்குக் காட்டுங்க, அதுவே கண்டுபிடிச்சுடும். தொடக் கூடாது. மாலையில மூடின பிறகும் கண்ணாடி ஜன்னல் வழியா வெளியிலேர்ந்தே மணியைப் பார்க்கலாம், தூங்கி எழுந்த குழந்தைக்கு அந்த நேரம் தோது.

சுதந்திரப் பிரகடனத்துக்கு ஒப்புதல் கொடுத்த இண்டிபெண்டன்ஸ் ஹாலுக்கு மட்டும் நேரம் குறிச்ச டிக்கெட். ரெக்ரியேஷன் டாட் கவ் இணையதளத்துல ஆளுக்கு ஒரு டாலர் பதிவுக் கட்டணம். கைக்குழந்தையையும் சேர்த்தே போடுங்க. அரைமணி முன்னாடி செக்யூரிட்டிக்கு நிக்கணும். அதுக்கும் முன்னாடி விசிட்டர் சென்டர்ல பாத்ரூம் போயிட்டு வந்துடணும், வரிசையில நின்னப்புறம் கஷ்டம். அங்கேயே கவுண்டர்ல பிள்ளைங்களுக்கான ஜூனியர் ரேஞ்சர் பயிற்சிப் புத்தகம் கேளுங்க, காசில்ல. அதை முடிச்சா பூங்கா அதிகாரியான ரேஞ்சர் உறுதிமொழி எடுக்க வச்சு பேட்ஜ் குத்திவிடுவார்.

சூளைமேடு:

வர்ஜீனியாவில், காலனிக் கால ஊரைப் பழைய தொழில்களோடு நடத்திக் காட்டும் வில்லியம்ஸ்பர்க் இருக்கிறது, அங்குள்ள செங்கல் களத்தை யாரும் சொல்லவில்லையே. கோடையில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கி மண் மிதிக்கலாம். வெறும் விளையாட்டு இல்லை அது. தண்ணீர் மண்ணில் சமமாகக் கலக்க வேண்டும், கல் இருந்தால் காலுக்குத் தட்டுப்படும், எடுத்துப் போடலாம். பிறகு மணல் தூவிய மர அச்சில் அடித்து, காயவைத்து, இலையுதிர் காலத்தில் விறகு அடுக்கிப் பல நாள் சுடுகிறார்கள். நம் ஊர்ச் சூளையைப் பார்த்த தாத்தா பாட்டி உடன் இருந்தால் அவர்களையே விளக்கச் சொல்லுங்கள், அச்சில் மணல் எதற்கு என்பது அவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு வர்ஜீனியாவில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட மக்கள். ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு அதை அந்தக் குழியோரத்திலேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் தள்ளிப்போடக் கூடாது. மாற்று உடுப்பும் துண்டும் கட்டாயம்.

தெருவில் நடக்கக் காசு இல்லை, பட்டறைகளுக்குள் நுழையத்தான் டிக்கெட். அங்கிருந்து காரில் அரை மணிக்குள் யார்க்டவுன். 1781-ல் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் அங்கே அமெரிக்கர்களிடம் சரணடைந்தபோது உடம்பு சரியில்லை என்று சொல்லி வாளை வேறொருவர் கையில் கொடுத்தனுப்பினார். அதே கார்ன்வாலிஸ்தான் 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் இரண்டு மகன்களைப் பிணையாகப் பிடித்தார். அவர் சிலை சென்னைக் கோட்டை மியூசியத்தில் இருக்கிறது, பீடத்தில் அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சி. ஊருக்கு வரும்போது காட்டுங்கள்.

நடைவண்டி:

சூளைமேடு சொன்னது அருமை. ஆனால் காரில்லாத குடும்பத்துக்கு வில்லியம்ஸ்பர்க் சுலபமில்லை. அவர்களுக்கு வாஷிங்டன்தான் சரி, காசும் மிச்சம். ஸ்மித்சோனியன் மியூசியங்களுக்குக் கட்டணமே கிடையாது. ஏர் அண்ட் ஸ்பேஸ் (விமான, விண்வெளி மியூசியம்) போன்ற ஓரிரண்டுக்கு நேரம் குறித்த இலவச பாஸ் முன்கூட்டியே எடுக்க வேண்டியிருக்கலாம், போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் சிக்கல் மெட்ரோவில். எஸ்கலேட்டரில் ஸ்ட்ரோலர் கூடாது. ஸ்மித்சோனியன் ஸ்டேஷனில் மியூசியங்களுக்கு நடுவே உள்ள நேஷனல் மால் புல்வெளிப் பக்க வாசலில் எஸ்கலேட்டர் மட்டும்தான், லிஃப்ட் இண்டிபெண்டன்ஸ் அவென்யூ பக்கம். தெரியாமல் குழந்தையோடு ஸ்ட்ரோலரை நீள எஸ்கலேட்டரில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறும் அம்மாக்களைப் பார்த்தால் பதறுகிறது.

உயரமான கல் தூணான வாஷிங்டன் மானுமென்டுக்கு லிஃப்ட் உண்டு, ஸ்ட்ரோலரை உள்ளே விடமாட்டார்கள். அன்றைய டிக்கெட் பதினைந்தாம் தெரு லாட்ஜில் காலையில் இலவசமாகத் தருவார்கள். மேலே ஏற முடியாவிட்டாலும் கீழே நின்று 150 அடி உயரத்தில் கல்லின் நிறம் மாறுவதைக் காட்டுங்கள். 1850-களில் பணம் தீர்ந்து வேலை நின்று, பல வருஷம் கழித்து வேறு குவாரிக் கல்லில் கட்டினார்கள். நாடாளுமன்றக் கட்டடமான கேபிடலிலிருந்து லிங்கன் நினைவகம் வரை ஏறக்குறைய இரண்டு மைல், நடுவில் நிழல் குறைவு. ஒரே நாளில் முழுக்க நடக்க வைக்காதீர்கள்.

உப்புக்காற்று:

ஃப்ளோரிடாவுல செயின்ட் அகஸ்டின் கோட்டைச் சுவரைக் கிட்டப் பாருங்க, முழுக்கக் கிளிஞ்சல். கிளிஞ்சல் சேர்ந்து இறுகின கொக்கினாக் கல். 1740-ல் பிரிட்டிஷ் முற்றுகையில பீரங்கிக் குண்டு இதை உடைக்கல, உள்ளே புதைஞ்சுது. வார இறுதியில பீரங்கி வெடிச்சுக் காட்டுவாங்க. இரண்டு வயசுக்குக் காது மூடி வேணும், மேல்தளத்துல தள்ளி நில்லுங்க. அங்கே போகப் படி மட்டும்தான். அங்கே கோடைல மதியத்துக்கு மேல இடி வர்றது வழக்கம், மின்னல் வந்தா மேல்தளத்தை மூடிடுவாங்க. முதல்ல மேல்தளம், அறையெல்லாம் அப்புறம்.