பெஸியே ஊர்க் கோயில்

ஜெனி அக்கா: [படம்] துலூஸ்ல இருந்து ரயில்ல பெஸியே வந்தேன். இது மகதலா மரியாள் கோயில்.

லூர்து அத்தை: அழகா இருக்கே. பூசை பார்த்தியா?

ஜெனி அக்கா: இல்ல அத்தை. உள்ள ரொம்ப நேரம் நிக்க முடியல. 1209 ஜூலை 22, அதுவும் மகதலா மரியாள் திருநாள் அன்னிக்கு, அடைக்கலம் தேடி இந்தக் கோயிலுக்குள்ள ஓடிவந்த சனங்களை வெட்டிக் கொன்னாங்க. கொன்னது சிலுவைப் படை.

நான்: சிலுவைப் போர் ஜெருசலேம்லதானே?

ஜெனி அக்கா: இது பிரான்சுக்குள்ளயே நடந்தது. கத்தார்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவு. இந்த உலகத்தை நல்ல கடவுள் படைக்கலைனு நம்பினாங்க. சிலுவையைக் கும்பிட மாட்டாங்க. தண்ணி ஞானஸ்நானம் கிடையாது. அவங்க துறவிகள்ல பெண்களும் உண்டு. கறி, முட்டை, பால் தொட மாட்டாங்க. அவங்களை ஒடுக்கத்தான் பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ட் படையை அனுப்பினார்.

லூர்து அத்தை: அவங்க என்ன செபம் சொல்லுவாங்கன்னு ஆச்சி கேக்காங்க.

ஜெனி அக்கா: நம்ம பரலோக மந்திரம்தான் ஆச்சி.

பெரியப்பா: "எல்லாரையும் கொல்லுங்க, தன் ஆள் யாருன்னு ஆண்டவருக்குத் தெரியும்"னு ஒரு சாமியார் சொன்னது இந்த ஊர்லதானே?

ஜெனி அக்கா: ஆமா பெரியப்பா, பாப்பரசரோட தூதர் அர்னோ அமல்ரிக். ஆனா அதை எழுதிவெச்சது ஒரு ஜெர்மன் துறவி, பல வருஷம் கழிச்சு. உறுதியில்ல. அர்னோ பாப்பரசருக்கு எழுதின கடிதம் உறுதி. வயசு பார்க்கல, ஆணா பெண்ணான்னு பார்க்கல, கிட்டத்தட்ட 20,000 பேரைக் கொன்னோம்னு எழுதறார். கணக்கு கூடுதலா இருக்கலாம். ஆனா அதைக் கடவுளோட தண்டனைன்னு பெருமையா எழுதியிருக்கார், அதான் தாங்கல.

ஜெனி அக்கா: இன்னொண்ணு கேளுங்க. படை வெளிய நிக்கும்போது அந்த ஊர் ஆயரே கத்தார்கள் பேரை எழுதிக்கிட்டு உள்ள வந்தார். 220 பேருக்கு மேல. இவங்களைக் கொடுங்க, இல்லனா கத்தோலிக்கங்க மட்டும் வெளிய வந்துருங்கன்னார். ஊர்ல பாதிக்கு மேல நம்ம சபைதான். கொடுக்க மாட்டோம்னுட்டாங்க.

லூர்து அத்தை: கொடுத்திருந்தா பிழைச்சிருப்பாங்களே!

ஜெனி அக்கா: ஆமா அத்தை.

லூர்து அத்தை: "அடுத்த வீட்டுக்காரனைக் காட்டிக் குடுத்துட்டு எப்படிப் பூசைக்குப் போறது"ன்னு ஆச்சி சொல்லுதாங்க. ஒரு மெழுகுதிரி ஏத்தணுமாம்.

பெரியப்பா: அந்தப் பட்டியல் இன்னும் இருக்கா?

ஜெனி அக்கா: இருக்கு பெரியப்பா. சில பேருக்குத் தொழிலும் போட்டிருக்கு. வைத்தியர், நெசவாளி, செருப்பு தைக்கிறவர்.

பெரியப்பா: கிடைச்சா அனுப்பும்மா. ராத்திரி செபத்துல அந்தப் பேர்களை வாசிக்கணும்.