வாட்ஸ்அப் குழு: கீழத்தெரு குடும்பம்

கார்த்தி: செல்வி அத்தை, கனடாவுல குடியேற எக்ஸ்பிரஸ் என்ட்ரியில ப்ரொஃபைல் போட்டாச்சு. புள்ளி 447 வருது. அடுத்த மாசம் எனக்கு வயசு 33 ஆயிடும், 5 புள்ளி போயிடும். பிரெஞ்சு படிச்சா நிஜமாவே ஏறுமா?

மங்கை பெரியம்மா: திருக்கடையூர் வேனுக்கு எத்தனை பேர்னு இன்னும் யாரும் சொல்லல

செல்வி அத்தை: ஏறும்டா. கேட்கிறது, படிக்கிறது, எழுதறது, பேசறது நாலுலயும் என்சிஎல்சிங்கிற பிரெஞ்சு அளவுகோல்ல 7 வாங்கணும். இங்கிலீஷ்ல அதே மாதிரி சிஎல்பிங்கிற அளவுகோல்ல நாலும் 5க்குக் குறையாம இருந்தா கூடுதலா 50. ரெண்டாவது மொழிங்கிறதுக்கு ஒவ்வொண்ணுக்கும் 3, ஆக 12. உன் 447ஐ 442ன்னே வச்சுக்கோ, 504 ஆயிடும். அதைவிட, பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்குத் தனி டிரா, அதாவது புள்ளி பார்த்து ஆளுங்களைக் கூப்பிடற சுற்று, நடக்குது. 2025 மார்ச் 21ல 7,500 பேரைக் கூப்பிட்டாங்க, கட்ஆஃப் 379தான். அதே வருஷம் ஆகஸ்ட்ல 481 வரைக்கும் போச்சு. கனடாவுல வேலை பார்த்தவங்களுக்கான டிரா அந்த வருஷம் பூரா 500க்கு மேலதான்.

சேகர் பெரியப்பா: 👏

ரவி சித்தப்பா: மான்ட்ரியலுக்கே வரச்சொல்லுக்கா. நம்ம வீட்டுலயே தங்கிக்கலாம்

செல்வி அத்தை: குழப்பாதே ரவி. க்யூபெக் தன் ஆளுங்களைத் தானே தேர்ந்தெடுக்கும், அதுக்கு வேற விண்ணப்பம். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில வர்றவன் க்யூபெக்குக்கு வெளியே குடியிருக்கேன்னு சொல்லித்தான் வரணும். ஒட்டாவா, டொரண்டோ, மாங்க்டன் எல்லாம் ஆகும்.

ரவி சித்தப்பா: ஓ

கார்த்தி: ஏஜென்ட் டெல்ஃப்ங்கிற பிரெஞ்சு பரீட்சையில பி2 நிலை எழுதச் சொல்றார் அத்தை

செல்வி அத்தை: வேண்டாம். டெல்ஃப் ஆயுசுக்கும் செல்லும், ஆனா எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு எடுத்துக்க மாட்டாங்க. டிசிஎஃப் கனடா, டெஃப் கனடா ரெண்டுல ஒண்ணுதான். பதியும்போது "கனடா"ங்கிற பேரு இருக்கான்னு பாரு. சாதா டிசிஎஃப்க்குப் பணம் கட்டிட்டு முழிக்கிறவங்க நிறைய. ரிசல்ட் ரெண்டு வருஷம்தான் செல்லும்.

மங்கை பெரியம்மா: நித்யா பன்னண்டாவதுல தமிழை விட்டுட்டு பிரெஞ்சுதானே எடுத்தா. மார்க்குக்காக. அப்பவே நான் சொன்னேன்

நித்யா: 180 வாங்கினேன் பெரியம்மா

செல்வி அத்தை: அண்ணி, அது இப்போ உதவும். ஆனா நித்யா, அந்தப் படிப்பு மனப்பாடம். காது பழகியிருக்காது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர்ல யாரு முதன்மை விண்ணப்பதாரர்ங்கிறதைப் பொறுத்து கணக்கே மாறும். துணையோட பிரெஞ்சுக்கு அந்த 50 கிடையாது. நித்யாவுக்கு 28, வயசுக்கு முழுசா 100 வரும். கார்த்திக்கு 33ல 80. ரெண்டு விதமாவும் போட்டுப் பாருங்க.

கார்த்தி அம்மா: நித்யா படிக்க உட்கார்ந்தா அவ வேலையை யாரு பார்க்கறது. கைக்குழந்தை வேற

சேகர் பெரியப்பா: வேன் 17 சீட்டா 12 சீட்டா

கார்த்தி: எவ்வளவு நாள் ஆகும் அத்தை?

செல்வி அத்தை: ஆரம்பத்துலேர்ந்து பி2 வரைக்கும் சுமார் 600 மணி நேரம். தினம் 2 மணி நேரம் உட்கார்ந்தா பத்து மாசம். அதுக்கு ரெண்டு படி கீழே இருக்கற ஏ2 முடிக்காம பரீட்சைப் பயிற்சிக்குத் தாவாதே, பணம்தான் போகும்.
டிசிஎஃப்ல கேட்கிறது 39 கேள்வி, 35 நிமிஷம், ஒலி ஒரே தடவைதான். 7 கிடைக்க 458 புள்ளி வேணும். நம்ம பசங்க இங்கதான் தடுக்கி விழறாங்க. ஏன்னா வகுப்புல டீச்சர் ஒவ்வொரு சொல்லையும் பிரிச்சுப் பேசுவாங்க, நிஜத்துல "ழ ந ஸே பா" (எனக்குத் தெரியாது)ங்கிறது "ஷே பா"ன்னு காதுல விழும். ஆர்எஃப்ஐ ரேடியோவோட "ஃபிரான்ஸே ஃபாஸில்" செய்தியைத் தினம் கேளு. முதல்ல எழுத்தைப் பார்க்காம கேளு, அப்புறம் எழுத்தோட கேளு, கடைசியா மறுபடி பார்க்காம. டிவி5 மாந்த் சேனலோட தளத்துல இலவசமா மாதிரித் தேர்வு இருக்கு.
எழுதறது 3 பகுதி, 60 நிமிஷம். 20க்கு 10 வாங்கினா 7. நண்பனுக்கு எழுதும்போது "டூ"ன்னு ஆரம்பிச்சு நடுவுல "வூ"ன்னு மாத்துவாங்க. நீன்னு கூப்பிட்டவரை அடுத்த வரியில நீங்கன்னு சொல்ற மாதிரி.

நித்யா: பேசறது?

செல்வி அத்தை: 12 நிமிஷம், மூணு பகுதி. ரெண்டாவதுல நீதான் கேள்வி கேட்கணும். தயாரிக்க 2 நிமிஷம் தருவாங்க. பதில் சொல்லியே பழகினவங்களுக்குக் கேள்வி வராது. வீடு வாடகை, பயணம், வேலை, வகுப்புன்னு ஒவ்வொண்ணுக்கும் பத்துப் பத்து கேள்வி வாயால சொல்லிப் பழகு. மூணாவது பகுதிக்குத் தயாரிப்பு நேரமே கிடையாது, கருத்துச் சொல்லி வாதாடணும்.

கார்த்தி: மூணுல 7 வந்து ஒண்ணுல 6 வந்தா?

செல்வி அத்தை: 50 போச்சு. பிரெஞ்சு டிராவும் போச்சு. நாலும் ஒரே பரீட்சையில வரணும். அதனால 8ஐக் குறி வச்சுப் படி.

சேகர் பெரியப்பா: நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரெஞ்சு வகுப்புல சேரலாமே

மங்கை பெரியம்மா: சனி ஞாயிறு வகுப்புன்னு சொல்லிட்டு அறுபதாம் கல்யாணத்துக்கு வராம இருக்காதீங்க

கார்த்தி: வருவோம் பெரியம்மா. ரெண்டு சீட்டு போடுங்க

கார்த்தி அம்மா: மூணு. குழந்தையை மடியிலேயே வச்சுட்டு வருவீங்களா

நித்யா: அத்தை, நான் காலையில 5 மணிக்கு உட்காரலாம். முதல்ல ஏ1 புத்தகம் எது வாங்கறதுன்னு சொல்லுங்க

செல்வி அத்தை: வாங்காதே, என்கிட்ட இருக்கு. திருக்கடையூருக்குக் கொண்டு வரேன். கார்த்தி, ரெண்டு கணக்கும் போட்டு ராத்திரிக்குள்ள எனக்கு அனுப்பு.

கார்த்தி அம்மா: யாரு படிக்கிறதுன்னு வீட்டுல பேசிட்டுச் சொல்றோம் செல்வி

ரவி சித்தப்பா: அக்கா எங்களுக்கு லைவ் போடுவீங்களா கல்யாணத்தை?

சேகர் பெரியப்பா: அப்போ 17 சீட்டே சொல்லிடறேன்