ஊய்ங் சத்தத்துக்கு ஆர்சிஏ வயர்தான் காரணமாம்!

செம்புக்கம்பி:
காரில் புது ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போட்ட ஒருவர் உதவி கேட்டிருந்தார். டிக்கியில் நாலு சேனல் ஆம்ப் மாட்டி இரண்டு நாள் ஆகிறது. இன்ஜின் ஓடாதபோது பாட்டு சுத்தமாக இருக்கிறது, ஸ்டார்ட் செய்ததும் 'ஊய்ங்' என்று ஒரு சத்தம், ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறுகிறது, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் குறையவில்லை. இதற்குப் பழைய டெக் ஐயா கொடுத்த தீர்ப்பு ஒரே வரி: "ஆர்சிஏ வயரையும் பவர் வயரையும் ஒரே பக்கம் இழுத்திருப்பாய், பிரித்துப் போடு." (ஆர்சிஏ என்பது ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகிற வயர்.) எல்லா வியாதிக்கும் இதே மாத்திரையை எத்தனை வருடம்தான் கொடுப்பார் என்று தெரியவில்லை. கோளாறு எர்த்தில், அதாவது ஆம்ப்பின் மைனஸ் வயரை வண்டியின் பாடியில் இணைக்கிற இடத்தில். உதவி கேட்டவர் பெயின்ட் மேலேயே ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு எர்த் கொடுத்தாச்சு என்று நினைத்திருப்பார், பந்தயம் கட்டுகிறேன்.

பழைய டெக்:
என் பெயரைப் போட்டுத் தனியாக ஒரு திரியே தொடங்கிவிட்டீர்களா, சந்தோஷம். நான் கேசட் டெக் காலத்திலிருந்து வண்டிகளில் செட் மாட்டுகிறேன். ஆர்சிஏவும் பவரும் ஒட்டிப் போனால் ஊய்ங் வரும். ஆம்ப்போடு வருகிற புத்தகத்தில் பிரித்துப் போடு என்று சும்மாவா அச்சடிக்கிறான்?

செம்புக்கம்பி:
புத்தகத்தில் எர்த் இடத்தில் பெயின்டைச் சுரண்டு என்றும் அதே பக்கத்தில்தான் அச்சடித்திருக்கிறான். அந்த வரி மட்டும் உங்கள் கண்ணில் படாது. பாட்டு ஓடாதபோதும் சத்தம் வருகிறது என்று அவரே சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் ஆம்ப் இழுப்பது ஒன்று இரண்டு ஆம்பியர். அவ்வளவு சின்ன கரன்ட் பக்கத்து வயரில் ஏறி ஸ்பீக்கரில் ஊளையிடுமா? ஸ்டீரியோவின் எர்த்துக்கும் ஆம்ப்பின் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் வித்தியாசம் இருக்கிறது, அதனால் ஆர்சிஏவின் வெளிக் கம்பிவலை வழியாகக் கரன்ட் ஓடுகிறது, பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரின் அலை அப்படியே காதுக்கு வருகிறது. இதுதான் விஷயம்.

புதுஆம்ப்:
கேள்வி கேட்டது நான்தான். இரண்டு வயரும் டிரைவர் பக்கமாகத்தான் போகின்றன. எர்த்தை டிக்கி கார்ப்பெட்டுக்குக் கீழே ஒரு ஸ்க்ரூ அடித்துக் கொடுத்தேன். பெயின்டைச் சுரண்டினேனா என்று ஞாபகம் இல்லை.

பழைய டெக்:
பார்த்தீர்களா? ஒரே பக்கம். நான் பார்க்காமலே சொன்னேன்.

செம்புக்கம்பி:
பார்த்தீர்களா? ஸ்க்ரூ. நானும் பார்க்காமலேதான் சொன்னேன்.

மெல்லிசை:
இருவரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். சில ஸ்டீரியோக்களில் ஆர்சிஏ எர்த்துக்கு உள்ளே முடி மாதிரி ஒரு சின்ன ஃப்யூஸ் இருக்கும். கரன்ட் இருக்கும்போதே ஆர்சிஏவைச் செருகி எடுத்தால் அது போய்விடும், பிறகு இதே ஊய்ங்தான். ஆர்சிஏ பிளக்கின் வெளி வளையத்துக்கும் ஸ்டீரியோவின் பாடிக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பழைய டெக்:
அதெல்லாம் அப்புறம். முதலில் வயரைப் பிரிக்கட்டும். எர்த் சரியா என்று பார்க்க வேண்டுமானால் மீட்டரை ஓம்ஸில் வை தம்பி, அரை ஓமுக்குள் காட்டினால் எர்த் நல்ல எர்த்.

செம்புக்கம்பி:
அரை ஓம்! இதற்காகத்தான் காத்திருந்தேன். பாட்டு சத்தமாகப் போகும்போது ஆம்ப் 30 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 30 ஆம்பியர், அரை ஓம், பெருக்கிப் பாருங்கள், 15 வோல்ட் அந்த எர்த்திலேயே விழ வேண்டும். பேட்டரியில் இருப்பதே 12.6. ஆம்ப் காற்றைக் குடித்துப் பாடுமா ஐயா? மலிவு மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 காட்டும், அதை வைத்து எர்த்தை அளக்கிறேன் என்பது தராசின் எடையையே அரிசியின் எடையாகச் சொல்கிற கதை. சரியான வழி, இன்ஜின் ஓட, பாட்டு ஓட, மீட்டரை வோல்டில் வைத்து ஒரு முனையை ஆம்ப்பின் எர்த் டெர்மினலிலும் மறு முனையை பேட்டரியின் மைனஸிலும் வைப்பது. 0.1, 0.2 என்றால் விட்டுவிடுங்கள். அரை வோல்ட் தாண்டினால் உப்புத்தாளை எடுத்து இரும்பு பளபளவென்று தெரியும்வரை தேயுங்கள், ரிங் டெர்மினல் போட்டு போல்ட்டும் நட்டும் வைத்து முடுக்குங்கள், ஸ்க்ரூ வேண்டாம். எர்த் வயர் ஒன்றரை அடிக்குள், பவர் வயர் எந்தத் தடிமனோ அதே தடிமன்.

பழைய டெக்:
கணக்கு வாத்தியார் வந்துவிட்டார். நான் மாட்டின வண்டிகளெல்லாம் இன்னும் பாடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இரவுப்பயணி:
சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுத்துவிட வேண்டியதுதானே, அது நேராக பாடியில் இறங்குகிறது. நான் அப்படித்தான் கொடுத்திருக்கிறேன்.

செம்புக்கம்பி:
தயவுசெய்து கழற்றிவிடுங்கள். பெல்ட் போல்ட் உயிர் காக்கிற போல்ட். அதற்குக் கீழே டெர்மினலைச் சொருகினால் போல்ட் சரியாக உட்காராது, இடித்த அன்றைக்குத்தான் தெரியும். போதாததற்குப் பல வண்டிகளில் அதன் மரையில் பசை தடவியிருப்பார்கள், எர்த்துக்கும் அது லாயக்கில்லை.

இரவுப்பயணி:
யோசனை சொன்னால் கொலைக்குற்றம் மாதிரி பேசுகிறீர்களே. சத்தத்துக்கு ஒரு கெபாசிட்டர் போட்டால் போதும் என்று பழைய டெக் அண்ணன் முன்பே சொல்லியிருக்கிறார்.

செம்புக்கம்பி:
ஆமாம், அந்தக் கெபாசிட்டர் சண்டையை நானும் மறக்கவில்லை. 1 ஃபாரட் கெபாசிட்டர், வோல்டேஜ் 14.4-லிருந்து 13.4-க்கு இறங்கும்போது கொடுப்பது சுமார் 14 ஜூல். ஆம்ப் 500 வாட் இழுத்தால் அது 0.03 வினாடிகூடத் தாங்காது. அன்றைக்கும் இதையே சொன்னேன், பதில் வரவில்லை.

பழைய டெக்:
ஹெட்லைட் மங்குவது நின்றது என்று கெபாசிட்டர் போட்ட அந்த ஆள் எழுதினாரே, அதுதான் பதில். பேச்சை மாற்ற வேண்டாம். ஆர்சிஏவை இடப் பக்கம் மாற்றட்டும்.

செம்புக்கம்பி:
இடப் பக்கமும் கம்பெனி வயர்க் கட்டு ஓடுமே, பெட்ரோல் பம்ப்புக்குப் போகிற வயர் அதில் இருந்தால் என்ன செய்வீர்கள், கூரை வழியாக இழுப்பீர்களா? கிண்டலுக்குக் கேட்கவில்லை. புதுஆம்ப் சார், ஆம்ப்பில் ஆர்சிஏவைப் பிடுங்கிவிட்டு, சார்ஜில் போடாத போனை நேராக ஆம்ப்பில் மாட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் பெரும்பாலும் எர்த் சுற்றுதான், இரண்டு எர்த்துக்கும் நடுவில் ஓடுகிற அந்தக் கரன்ட்.

பழைய டெக்:
ஆர்சிஏவைப் பிடுங்கினால் சத்தம் போகும் என்றால் சத்தம் ஆர்சிஏ வழியாக வந்தது என்றுதானே அர்த்தம்! உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள்.

செம்புக்கம்பி:
வழியாக வருவதும் அதனால் வருவதும் ஒன்றா? கதவு வழியாகத் திருடன் வந்தால் கதவா திருடியது?

மெல்லிசை:
அந்தச் சின்ன ஃப்யூஸை யாராவது பார்த்தீர்களா?

புதுஆம்ப்:
ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாம் செய்துவிட்டேன். பெயின்டைச் சுரண்டி போல்ட் போட்டேன், ஆர்சிஏவை இடப் பக்கம் மாற்றினேன். சத்தம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இருவருக்கும் நன்றி.

பழைய டெக்:
நன்றியை என்னிடம் மட்டும் சொன்னால் போதும் தம்பி.

செம்புக்கம்பி:
எதை முதலில் செய்தீர்கள்? ஒன்று முடிந்ததும் நடுவில் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து கேட்டீர்களா?

புதுஆம்ப்:
இல்லை சார், இரண்டையும் முடித்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்தேன்.

செம்புக்கம்பி:
கெடுத்தீர்கள். ஒவ்வொன்றாகச் செய்யாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தால் இவர் ஆயுசுக்கும் வயர் வயர் என்பார். மீதிச் சத்தமும் எர்த்தில்தான் இருக்கிறது, ஸ்டீரியோவின் எர்த்தைப் பாருங்கள், கம்பெனி வயரில் முறுக்கி டேப் ஒட்டியிருப்பீர்கள். போல்ட்டைப் படம் எடுத்துப் போடுங்கள், எவ்வளவு சுரண்டினீர்கள் என்று பார்ப்போம்.

பழைய டெக்:
வயர் போகிற பாதையையும் படம் போடு தம்பி. ஸ்டீரியோவுக்குப் பின்னால் இரண்டும் இன்னும் ஒட்டித்தான் கிடக்கும், மீதிச் சத்தம் அங்கிருந்துதான்.

புதுஆம்ப்:
சீட்டு, கார்ப்பெட் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டேன் ஐயா.