லினக்ஸில் சென்சார் காட்டும் வெப்பநிலையை எப்படிச் சோதிப்பது?

கேள்வி:
டெபியன் போட்ட மேசைக் கணினி. வெப்பநிலை படிக்கும் எல்எம்-சென்சார்ஸ் நிரலை நிறுவி, சென்சார்ஸ் கட்டளையை ஓட்டினால் சிபியூவுக்கு மட்டும்தான் எண் வந்தது, மதர்போர்டு, மின்விசிறி எதுவும் இல்லை. மதர்போர்டு சென்சார் சிப்புக்கான என்சிடி6775 டிரைவரை மோட்புரோப் செய்ததும் (கர்னலில் ஏற்றியதும்) வரிசையாக ஏகப்பட்ட எண்கள், அதில் ஒன்று 127 டிகிரி, இன்னொன்று மைனஸ் 62! பெட்டி தொட்டால் சூடே இல்லை. இதில் எதை நம்புவது?

பதில் 1:
அந்த இரண்டையும் விட்டுத்தள்ளுங்கள். மதர்போர்டின் வெப்பநிலையையும் மின்விசிறிகளையும் கவனிக்கும் சூப்பர் ஐ/ஓ சிப்பில் சென்சாருக்கென்று பல பின்கள் இருக்கும், போர்டு செய்தவர்கள் அதில் சிலவற்றில்தான் தெர்மிஸ்டர் (வெப்பம் உணரும் பாகம்) இணைத்திருப்பார்கள், சும்மா கிடக்கிற பின்னையும் டிரைவர் படித்து எதையாவது காட்டும். மற்றவற்றுக்கு, ஒரு டெர்மினலில் வாட்ச் சென்சார்ஸ் ஓடட்டும் (எண்கள் தானாகப் புதுப்பிக்கப்படும்), இன்னொன்றில் ஸ்ட்ரெஸ்-என்ஜி கொடுத்து எல்லாக் கோர்களையும் வேலை வாங்குங்கள். சிபியூ எண் சில நொடிகளில் குதிக்கும், நிறுத்தினால் அதே வேகத்தில் இறங்கும். போர்டில் இருக்கும் சென்சார் மெதுவாகத்தான் ஏறும், அதனால் அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். கடைசிவரை அசையாத எண்ணை நான் நம்பமாட்டேன்.

பதில் 2:
ஏறி இறங்கினால் போதாதே! தப்பான ஆஃப்செட்டோடும் (எண்ணோடு கூட்டப்படும் நிலையான வித்தியாசம்) அழகாக ஏறி இறங்கும். ஏஎம்டியின் ரைசன் 7 1800எக்ஸ் சிபியூவில் டிசிடிஎல் என்று வரும் எண் உண்மையான வெப்பநிலையைவிட 20 டிகிரி கூடுதல், மின்விசிறியைக் கட்டுப்படுத்தவே அப்படி வைத்தார்கள். அதைக் கழிக்காத டிரைவரில் சும்மா இருக்கும் கணினிகூடக் கொதிப்பது போலத் தெரியும். இன்டெல் சிபியூவில் வேறு கதை: சிப் தருவது உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பதை, கோர்டெம்ப் டிரைவர் அதை வரம்பிலிருந்து கழித்துக் காட்டுகிறது. வரம்பை நெருங்கும்போது அது துல்லியம், குளிர்ந்திருக்கும்போது அவ்வளவு இல்லை.

பயாஸில் தெரியும் எண்ணோடும் ஒப்பிடுங்கள், ஆனால் பயாஸ் திரையில் சிபியூ ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகாது, அங்கே சில டிகிரி கூடுதலாக இருந்தால் டிரைவரைத் திட்ட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
ஓட்டிப் பார்த்தேன். சிபியூவும் சிஸ்டின் என்கிற போர்டு சென்சாரும் நீங்கள் சொன்னபடியே நடந்துகொள்கின்றன, மீதி எல்லாம் உளறல். அதை மறைக்க முடியுமா?

பதில் 1:
முடியும். சென்சார்ஸ்.டி அடைவில் ஒரு கோப்பு வைத்து, சிப் பெயருக்குக் கீழே வேண்டாத ஒவ்வொன்றுக்கும் இக்னோர் வரி எழுதுங்கள்.

பதில் 3:
கர்னல் தருவதை நேராகப் பார்க்க சென்சார் எண்களைக் கர்னல் கோப்புகளாகக் காட்டும் எச்டபிள்யூமான் அடைவில் டெம்ப்1_இன்புட் கோப்பைத் திறங்கள். 45000 என்றிருந்தால் 45 டிகிரி. கர்னல் மேம்படுத்தும்போது அடைவு எண்கள் மாறலாம், எனவே ஸ்கிரிப்ட் எழுதினால் நேம் கோப்பைப் படித்துத் தேடுங்கள். அப்புறம், டிரைவர் ஏறாதபோது ஏசிபிஐ (வன்பொருளைப் பற்றி பயாஸ் கர்னலுக்குச் சொல்லும் முறை) கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லும் கர்னல் அளவுரு ஒன்று எங்கும் பரிந்துரைக்கப்படும். பயாஸும் டிரைவரும் ஒரே சிப்பில் ஒரே நேரத்தில் கைவைக்கும் ஆபத்து அதில் உண்டு, சர்வரில் போடாதீர்கள்.