பெர்லின் துப்பறியும் நாவல்கள்: 1933-க்குப் பிறகும் பணியில் நீடிக்கும் அதிகாரியை நம்ப முடிகிறதா?

நூலகவாசி (கேள்வி):
இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட பெர்லினில் நடக்கும் இரண்டு நாவல்களை அண்மையில் அடுத்தடுத்து ஆங்கிலத்தில் வாசித்தேன். ஒன்று, கொலோனிலிருந்து மாற்றலாகி வரும் கெரேயோன் ராத் என்னும் அதிகாரியை வைத்து ஃபோல்கர் குட்ஷர் எழுதியது. கதை நடப்பது 1929-இல். மற்றொன்று, 1936 ஒலிம்பிக் கோடையில் நடக்கும் ஃபிலிப் கெர்ரின் ‘மார்ச் வயலட்ஸ்’. இவ்வகைக் கதைகளில் கொலை நடந்த இடத்துக்குத் தட்டச்சுப் பொறி சகிதம் வந்து நிற்கும் ‘கொலை கார்’ உண்மையிலேயே இருந்ததா என்பது என் சிறிய கேள்வி. பெரிய கேள்வி வேறு. 1929-ஐப் பற்றிய நாவலைச் சாதாரணத் துப்பறியும் கதையாகவே வாசிக்க முடிந்தது. 1936-க்கு வந்தபோதோ, 1933-இல் ஆட்சியைப் பிடித்த நாஜி அரசே ஆட்களைக் கொன்றுகொண்டிருக்கும் ஊரில் ஒரேயொரு கொலையாளியைத் தேடிப் பிடிப்பதற்கு என்ன பொருள் என்ற எண்ணம் பக்கத்துக்குப் பக்கம் குறுக்கிட்டது. எழுத்தாளர்கள் இதை நேர்மையாக எதிர்கொள்கிறார்களா, நழுவிவிடுகிறார்களா?

பழுப்புத்தாள்:
கார் உண்மைதான். 1926-இல் பெர்லின் காவல்துறையில் தனிக் கொலை விசாரணைப் பிரிவை அமைத்த எர்ன்ஸ்ட் கென்னாட் அதை வடிவமைக்கச் செய்தார். தட்டச்சுப் பொறி, மடக்கு மேசை, நாற்காலிகள், புகைப்படக் கருவி, விளக்குகள், தடயம் சேகரிக்கும் சாதனங்கள் என ஓர் அலுவலகமே அதற்குள் அடங்கியிருந்தது. அதற்கு முன்பு, முதலில் வந்து சேரும் காவலர்கள் நல்லெண்ணத்தோடு அறையை ஒழுங்குபடுத்திவிடுவார்களாம். தடயமும் அதோடு போய்விடும். தம் குழு வரும்வரை எதையும் தொடக்கூடாது என்று கென்னாட் தடுத்தது அதனால்தான். 1931-இல் 114 கொலை வழக்குகளில் 108-க்கு அவருடைய பிரிவு துப்புத் துலக்கியது. குட்ஷரின் நாவலுக்கு ஜெர்மன் மொழியில் ‘நனைந்த மீன்’ என்று பெயர். துப்புக் கிடைக்காத வழக்கைப் பெர்லின் காவலர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். பருத்த உடலும் கேக் மீது தீராத ஆசையும் கொண்ட கென்னாட்டை எந்த எழுத்தாளரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை, அப்படியே எடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும். அலெக்சாண்டர்பிளாட்ஸில் ‘செங்கோட்டை’ எனப்பட்ட காவல் தலைமையகம் நின்ற இடத்தில் இன்று ஒரு வணிக வளாகம் இருக்கிறது.

இரவுரயில்:
பெரிய கேள்விக்கு என் பதில். முதலில், 1929 அவ்வளவு களங்கமற்ற ஆண்டு அன்று. தடையை மீறி மே தின ஊர்வலம் சென்ற கம்யூனிஸ்டுகள் மீதும், தெருவில் நின்றவர்கள் மீதும் வெடிங், நொய்கோல்ன் பகுதிகளில் காவலர்கள் சுட்டதில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ராத்தின் கதை தொடங்கும் ஊர் அதுதான்.

கெர் முதல் நாவலில் நழுவுகிறார் என்றே சொல்வேன். அவருடைய நாயகன் குந்தர் 1933-இல் காவல்துறையை விட்டு விலகித் தனியார் துப்பறிவாளராகிவிடுகிறார். கைகளும் சுத்தமாக இருக்கின்றன. ஆனால் 1938-இல் நடக்கும் இரண்டாம் நாவலில் நாஜிக் காவல்துறையின் உயர் தலைவர் ஹைட்ரிஷ் அவரை மீண்டும் பணிக்கு இழுத்துவருகிறார், அங்கிருந்துதான் கதை கனக்கத் தொடங்குகிறது. 1936 ஜூனிலேயே குற்றப் புலனாய்வுத் துறையும் கெஸ்டாபோ என்னும் அரசியல் ரகசியக் காவல்துறையும் ஹைட்ரிஷின் கீழ் ஒரே அமைப்பாகிவிட்டிருந்தன. அக்குற்றப் புலனாய்வுக்குத் தலைமை தாங்கிய ஆர்தர் நேபே இருபதுகளில் பெர்லினில் சாதாரணத் துப்பறியும் அதிகாரி. 1941-இல் கிழக்குப் போர்முனையில் ஒரு கொலைப்படையை நடத்திப் பல்லாயிரம் பேரைக் கொன்றவரும் அவரே. இந்த வரலாற்றை அறிந்து வாசிக்கும் நமக்குக் கதையின் ஒவ்வொரு பதவி உயர்வும் அச்சமூட்டுகிறது.

நூலகவாசி:
நன்றி. அப்படியானால் கென்னாட் என்ன ஆனார்?

இரவுரயில்:
1939-இல் இறக்கும்வரை பணியிலேயே இருந்தார். உங்கள் கேள்விக்கு நாவல்களைவிடச் சங்கடமான விடை இதுதான் என்று தோன்றுகிறது. யூதரான துணைக் காவல் தலைவர் பெர்ன்ஹார்ட் வைஸுக்கு அந்தத் தெரிவே இருக்கவில்லை. 1932 ஜூலையில் பதவி பறிக்கப்பட்டு, மறு ஆண்டு நாட்டைவிட்டுத் தப்பி, பின்னர் லண்டனில் காலமானார்.

ஈரமை:
மொழி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மனில் நம் ‘நீ’, ‘நீங்கள்’ போலவே இரண்டு முன்னிலைச் சொற்கள் உண்டு. விசாரணை அறையில் ‘நீங்கள்’ என்று தொடங்கும் அதிகாரி எந்த வரியில் ‘நீ’க்கு இறங்குகிறார் என்பதிலேயே மிரட்டல் வெளிப்பட்டுவிடும், குரலை உயர்த்தவே வேண்டியதில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடுவதால், அந்த இறக்கத்தைக் காட்ட மொழிபெயர்ப்பாளர் ஒரு வசையையோ, மேசையில் விழும் ஓர் அடியையோ நாட வேண்டியிருக்கிறது. ராத்தை ஜெர்மனிலிருந்து நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவருபவருக்கு அந்தத் தொல்லை இராது.