பழைய ரோடு பைக்: பின் டீரெயிலரை (செயினை நகர்த்தி கியர் மாற்றும் பாகம்) கழற்றுவது எப்படி?

கேள்வி: அப்பா ஓட்டிய சைக்கிள், கியர் செட் 80களின் கடைசியில் வந்த ஷிமானோ 105. தினமும் பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் ஓட்டுகிறேன். டீரெயிலரில் மணலும் கிரீஸும் சேர்ந்து மை மாதிரி அப்பியிருக்கிறது. செயினைப் பிரிக்க மனமில்லை.

பதில் 1: பிரிக்கவே வேண்டாம். கியர் கேபிளை விடுவித்து, டீரெயிலரில் இருக்கும் இரண்டு சின்னப் பல்சக்கரங்களில் கீழ்ச் சக்கரத்தின் போல்ட்டைக் கழற்றி, மேல் போல்ட்டைத் தளர்த்தினால் செயின் வெளியே வந்துவிடும். அப்புறம் 5 மிமீ ஆலன் கீயால் டீரெயிலரை முழுதாக இறக்கலாம். சுத்தம் செய்ய மண்ணெண்ணெய், கிடைக்காவிட்டால் டீசல், பழைய டூத் பிரஷ். போன மழைக்குப் பிறகு என்னுடையதில் சக்கரத்தின் அச்சைச் சுற்றி இறுகிப்போன நூலை ஊசியால்தான் எடுத்தேன்.

பதில் 2: இரண்டு சக்கரங்களையும் இடம் மாற்றிவிடாதீர்கள். மேல் சக்கரம் பக்கவாட்டில் லேசாக ஆடும். அது தேய்மானமில்லை, வடிவமைப்பே அப்படி.

கேட்டவர்: நல்லவேளை சொன்னீர்கள், புதிது வாங்கக் கிளம்பியிருந்தேன்!