பைஃபோகல் போடுற அப்பாவுக்கு மானிட்டரை தாழ்வா, நல்லா பின்னால சாய்ச்சு வைக்க ஸ்டாண்டு பண்ணணும்: எந்த மாதிரி பண்ணலாம்?

சிவகாசிப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பா சிவகாசில வீட்டுலயே டிடிபி வேலை பாக்குறாரு. கல்யாணப் பத்திரிக்கை, நோட்டீஸ், டெய்லி காலண்டர் அட்டைல கடை பேரு போடுறது, இந்த மாதிரி. சீசன் நேரத்துல காலைல உக்காந்தா ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் எந்திரிப்பாரு. பைஃபோகல் கண்ணாடி போட்டிருக்காரு, எழுத்து தெரியணும்னா கண்ணாடியோட கீழ்ப்பாதி வழியாத்தான் பாக்கணும், அதனால தாடையத் தூக்கி தலையப் பின்னால சாய்ச்சுக்கிட்டே வேலை பாக்குறாரு. ப்ரூஃப் பாக்கும்போது ஒரு கை மவுஸ்ல இருக்கும், இன்னொரு கை பிடரியப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். பாக்கவே கஷ்டமா இருக்கு.

மானிட்டர் 24 இஞ்ச், ஸ்டாண்டு இல்லாம மூணரை கிலோ. அதோட வந்த ஸ்டாண்டுல உயரம் குறைக்க முடியாது, பின்னால 20 டிகிரி போல சாயும் அவ்வளவுதான். பின்பக்கம் 100க்கு 100 மிமீல நாலு ஸ்க்ரூ ஓட்டை இருக்கு. ஆன்லைன்ல விக்கிற கிளாம்ப் ஆர்ம் பாத்தேன், ஆனா எங்க வீட்டுல இருக்கது பழைய ஸ்டீல் டேபிள், ஓரம் மடிச்சு விட்ட தகடு, கிளாம்ப் பிடிச்சா தகடு நெளியும். மாமா ஒருத்தரு வெல்டிங் பட்டறை வச்சிருக்காரு, வரைஞ்சு குடுத்தா செஞ்சு தர்றேன்னு சொல்லிட்டாரு. எனக்குத்தான் என்ன வரையணும்னு தெரியல. சாயுற இடத்துல எந்த மாதிரி அமைப்பு வச்சா தொங்காம நிக்கும், அடித்தகடு எவ்வளவு பெருசு வேணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பட்டறைக்காரன்_கோவை:

தங்கச்சி, மாமா பட்டறை இருக்குன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரிதானுங்க. நான் தகடு வேலைதான் பாக்குறேன், என்ன கவனிக்கணும்னு சொல்றேன்.

சாயுற போல்ட் எந்த இடத்துல வருதுங்கறதுதான் இதுல மொத்த விஷயமும், மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடிதான். பேனலுக்கு, அதாவது ஸ்டாண்டு இல்லாத மானிட்டருக்கு, ஒரு எடை மையம் இருக்கும், அது ஸ்கிரீன் பரப்புக்குப் பின்னால எங்கியோ உள்ள இருக்கும். நீங்க போல்ட்டை முதுகுல இருந்து தள்ளி வச்சீங்கன்னா அந்த எடை முழுக்க போல்ட்டுக்கு முன்னாடி தொங்குது. மூணரை கிலோ, 6 செ.மீ தள்ளி இருந்தா 21 கிலோ செ.மீ முறுக்கு, அது எப்பவும் ஸ்கிரீனை முன்பக்கமா கவுக்கத்தான் பாக்கும். நாள் ஆக ஆக மானிட்டர் தலை தொங்குறது இதனாலதான். அதைத் தாங்க உராய்வை டபுளா, ஒரு 40 வச்சீங்கன்னா தொங்காது, ஆனா சாய்க்கும்போது என்ன ஆவுதுன்னு பாருங்க. மேல் ஓரத்தைப் பிடிச்சு பின்னால தள்ளணும்னா உராய்வையும் ஜெயிக்கணும் எடையையும் தூக்கணும், 61 ஆச்சு, போல்ட்டுல இருந்து மேல் ஓரம் 16 செ.மீ, அப்ப கிட்டத்தட்ட 4 கிலோ விசைல தள்ளணும். முன்னால இழுக்க 1 கிலோ சொச்சம் போதும். அந்த 4 கிலோல தள்ளுனா ஸ்கிரீன் சாயுறதுக்கு முன்னாடி ஸ்டாண்டே பின்னால தூக்கிக்கும்.

இதே போல்ட்டை முதுகுக்கு ஒட்டுனாப்ல கொண்டாந்து, எடை மையத்துக்கும் போல்ட்டுக்கும் 3 செ.மீ தான் தூரம்னு வச்சுக்குங்க. முறுக்கு பத்தரை, உராய்வு 20 இருந்தா போதும், பின்னால தள்ள 2 கிலோ போல, முன்னால இழுக்க அரைக் கிலோ சொச்சம். அப்பா ஒத்தைக் கைல அசைச்சுக்குவாரு.

அதனால ஸ்க்ரூ ஓட்டை இருக்கற இடத்துக்கு 3 மிமீ எம்எஸ் (சாதா இரும்பு) தகடு வெட்டி, ரெண்டு பக்கமும் காது மடிச்சு விடுங்க. காதுல போல்ட் ஓட்டை தகட்டுல இருந்து ஒன்றரை செ.மீக்கு மேல தள்ளிப் போகக் கூடாது. எடை மையம் நடுவுலதான் இருக்கும்னு நெனச்சுக்காதீங்க, சில மானிட்டர்ல போர்டு எல்லாம் கீழ் பக்கமா இருக்கும். ஒரு பைப்புக்குத் துணி சுத்தி, அது மேல பேனலை முகம் கீழ இருக்கற மாதிரி படுக்க வச்சு உருட்டுங்க, எந்த இடத்துல நிக்குதோ அந்த உயரத்துல போல்ட் வரட்டும். ஸ்கிரீன்ல அழுத்தம் படாம கூட ஒரு ஆள் பிடிச்சுக்கோணும்.

கண்ணாடிக்கடை_மதுரை:

ஸ்டாண்டுக்கு முன்னாடி ஒரு கேள்வி: அப்பாவோட கீழ்ப்பாதி பவர் எவ்வளவு கூடுதல்னு பாத்தீங்களா? பைஃபோகல்ல கீழ்ப்பாதி புத்தகம் படிக்கிற தூரத்துக்குப் போடுறது. கூடுதல் பவர் 2.5ன்னா அது 40 செ.மீக்குத்தான் தெளிவு. மானிட்டர் 60 செ.மீ தள்ளி இருக்கும், அந்தத் தூரத்துக்கு 1.6, 1.7 கிட்ட இருந்தா போதும். மேல்பாதில பாத்தாலும் மங்கல், கீழ்ப்பாதில பாத்தாலும் முழுசாத் தெளியாது, அதனால தாடையத் தூக்குறது மட்டுமில்ல, முகத்தையும் முன்னால கொண்டுபோய் வச்சுப் பாப்பாரு. நீங்க கவனிச்சிருப்பீங்க. கண் டாக்டர்ட்ட போகும்போது ஸ்கிரீன் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு டேப் வச்சு அளந்து எழுதிட்டுப் போங்க, கம்ப்யூட்டருக்குன்னு தனிக் கண்ணாடி போட்டுத் தருவாங்க. டிடிபி பாக்குறவங்களுக்கு இது ரொம்ப உதவும், தயவுசெஞ்சு இதை விட்டுடாதீங்க.

அதுக்காக ஸ்டாண்டு வேணாம்னு சொல்லல. தாழ்வா வைக்கிறது சரியான யோசனைதான். பொதுவா ஸ்கிரீனோட மேல் ஓரம் கண் மட்டத்துல இல்ல அதுக்குக் கொஞ்சம் கீழ, நடுப்பகுதி கண்ணுக்கு 15ல இருந்து 20 டிகிரி கீழ இருக்கணும்னு சொல்வாங்க, பைஃபோகல்காரங்களுக்கு அதைவிடவும் எறக்கலாம். எறக்குற அளவுக்கு சாய்க்கவும் செய்யணும். கண்ணு 25 டிகிரி கீழ பாக்குதுன்னா ஸ்கிரீனும் 25 டிகிரி பின்னால சாஞ்சிருந்தாதான் பார்வைக்கு நேரா இருக்கும், மேல்வரியும் கீழ்வரியும் ஒரே தூரத்துல இருக்கும்.

ஒரு தொந்தரவு வரும், சொல்லிடுறேன். சாய்ச்ச ஸ்கிரீன்ல டியூப்லைட் தெரியும். ஸ்கிரீனை 5 டிகிரி சாய்ச்சா அதுல தெரியுற பிம்பம் 10 டிகிரி நகரும், அதனால லேசா மாத்துனாலே லைட் உள்ள வந்துரும். அப்பா உக்கார்ற இடத்துக்குப் பின்னால சுவத்துல டியூப்லைட் இருந்தா பக்கவாட்டுச் சுவத்துக்கு மாத்திருங்க. படிப்படியா நிக்கிற அமைப்பை விட எந்த இடத்துலயும் நிக்கிற மாதிரி இருந்தா நல்லதுன்னு நான் சொல்றதுக்குக் காரணமும் இதுதான், ரெண்டு டிகிரி மாத்தி லைட்டை ஒதுக்கிக்கலாம்.

தச்சன்மகன்:

எல்லாரும் இரும்புலயே நிக்கிறீங்க. பழைய ஈஸி சேர்ல பின்கட்டைல வெட்டு விட்டிருப்பாங்கள்ல, குறுக்குக் கட்டையைத் தூக்கி அடுத்த வெட்டுல போட்டா சாய்வு மாறும், அதே அமைப்பை 18 மிமீ பிளைவுட்ல பண்ணலாம். கீழ் ஓரத்துல கீல், பின்னால முட்டுக் கட்டை, அடிப்பலகைல நாலஞ்சு வெட்டு. முட்டு நேரா எடையைத் தாங்குது, உராய்வே தேவையில்ல, எத்தனை வருசம் ஆனாலும் தொங்காது. படம் வரையுறவங்க பேனா டிஸ்பிளேக்கு இந்த மாதிரி தாங்கல் போடுவாங்க, அவங்க கையை ஊணி அழுத்துவாங்க, அந்த அழுத்தத்துக்கு உராய்வு கீல் பத்தாது, இதுதான் தாங்கும்.

ஆனா ஒண்ணு. ஸ்கிரீன் நேரா நிமிர நிமிர எடை கீலுக்கு நேர் மேல வந்துரும், அப்போ முட்டு மேல பாரமே இருக்காது, யாராச்சும் இடிச்சா வெட்டுல இருந்து நழுவி முன்னால கவுந்துரும். அதனால 10 டிகிரிக்குக் குறைவா வெட்டே விடக் கூடாது. வெட்டையும் நேரா வெட்டாம, பாரம் விழுந்தா முட்டு இன்னும் உள்ள போற மாதிரி சரிவா வெட்டணும். உங்க அப்பாக்கு எப்பவும் சாய்வுதான்ங்கறதால இது பொருந்தும்னு நெனைக்கிறேன்.

சிவகாசிப்பொண்ணு:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கண்ணாடிக்கடை அண்ணா, நீங்க சொன்னது அப்படியே, முகத்தை முன்னால கொண்டுபோயிட்டுதான் உக்காந்திருக்காரு, அடுத்த வாரமே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன். டியூப்லைட்டும் அவருக்குப் பின்னாலதான் இருக்கு.

ஈஸி சேர் அமைப்பு எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா அக்கா பையன் லீவுக்கு வந்தா மேசையப் பிடிச்சு ஏறுவான், நழுவுமோன்னு பயமா இருக்கு. போல்ட் வச்சதே பண்ணலாம்னு இருக்கேன். நட்டை எவ்வளவு டைட் பண்ணணும், அது நாள்பட லூஸ் ஆகாதா? அப்புறம் அடித்தகடு அளவு சொல்லலியே கோவை அண்ணா.

பட்டறைக்காரன்_கோவை:

லூஸ் ஆகுமான்னு கேட்டது நல்ல கேள்விங்க. M8 போல்ட் போடுங்க. ரெண்டு காதுக்கும் சேத்து 20 கிலோ செ.மீ உராய்வுன்னா ஒரு பக்கத்துக்கு 10. பெரிய வாஷர் போட்டு ரெண்டு பரப்புல உரசுனா போல்ட்டுல முப்பது கிலோ இழுவிசை இருந்தாலே அந்த 10 வந்துரும். M8 போல்ட் ஆயிரம் கிலோவுக்கு மேல தாங்கும், நம்ம கேக்கறது வெறும் முப்பது. பிரச்சினையே அங்கதான், இவ்வளவு லேசா முறுக்குன சாதா நட்டு நாலு தடவை ஸ்கிரீனை அசைச்சா காதோட சேந்து சுத்திக் கழண்டுக்கும். அதனால மூணு விஷயம் பண்ணோணும். போல்ட் தலையை, அடித்தகட்டு மேல நிக்கிற தூண் பக்கமா வெல்டு வச்சுருங்க, போல்ட் சுத்தவே கூடாது. நட்டு நைலாக் நட்டா இருக்கோணும், உள்ள நைலான் வளையம் இருக்கும், அது லேசான முறுக்குலயும் நகராது. நட்டுக்கு அடில டிஸ்க் ஸ்பிரிங் வாஷர் (கிண்ணம் மாதிரி குழிஞ்ச வாஷர்) ரெண்டு, குழிவுப் பக்கம் ஒண்ணை ஒண்ணு பாக்கற மாதிரி போடுங்க. பெயிண்ட் தேஞ்சாலும் வாஷர் அமுங்குனாலும் அந்த ஸ்பிரிங் விரிஞ்சு இழுவிசையைக் காப்பாத்தும். ஸ்பிரிங் இல்லாம இறுக்குனா கால் சுத்துல ஒண்ணு ஸ்கிரீன் கல்லாட்டம் நிக்கும், இல்லாட்டி தொங்கும், நடுவுல ஒரு நிலையே கெடைக்காதுங்க.

உரசற எடத்துல இரும்பும் இரும்பும் நேரா பட விடாதீங்க, நைலான் வாஷர் வையுங்க. இரும்போட இரும்பு உரசுனா முதல்ல அசையாது, அப்புறம் டக்குனு நழுவும். நீங்க ரெண்டு டிகிரி மாத்தப் போனா அஞ்சு டிகிரி ஓடிரும்.

அடித்தகடு 30க்கு 25 செ.மீ, 5 மிமீ கனம். அது மட்டுமே 3 கிலோ கிட்ட வரும், தூணு ஒரு கிலோன்னு வைங்க, பேனலோட மொத்தம் ஏழரை கிலோ. மொத்த எடையும் தகட்டுக்கு நடுவுல வர்ற மாதிரி தூணை நிறுத்துனா, 34 செ.மீ உயரத்துல இருக்கற மேல் ஓரத்தைத் தள்ளும்போது தோராயமா 2.7 கிலோ வரைக்கும் கவுராது. நமக்கு சாய்க்க 2 கிலோ போதும்னு பாத்தோமில்லீங்களா, அதனால கவுர்றதுக்கு முன்னாடி சாஞ்சுரும். தகடு பாரம்னு நெனச்சு 2 மிமீல போட்டா இந்த இடைவெளி போயிரும். பையன் ஏறுவான்னு சொல்றீங்க, ஆழத்தை 25க்குப் பதிலா 30 ஆக்கிருங்க, அடில நாலு மூலைலயும் ரப்பர் ஒட்டிருங்க.

போல்ட்டோட உயரம் மேசைல இருந்து 18 செ.மீ. 24 இஞ்ச் பேனல் ஓரத்தோட சேத்து 32 செ.மீ கிட்ட இருக்கும், நேரா நிமித்துனா கீழ் ஓரம் மேசைக்கு 2 செ.மீ மேல நிக்கும். 30 டிகிரி சாய்ச்சா கீழ் ஓரம் 8 செ.மீ முன்னால வரும், கீபோர்டுக்கு அந்த எடம் விட்டு வையுங்க. 5 டிகிரிலயும் 35 டிகிரிலயும் காதுல ஒரு தடுப்பு வெல்டு வச்சுட்டா முழுசா மல்லாந்துராது.

நெல்லை_மெக்கானிக்கல்:

ஸ்பிரிங் போட்டு எடையையே இல்லாம ஆக்கிரலாமேன்னு யாராச்சும் கேப்பாங்க, அதுக்காக எழுதுறேன். 1932ல இங்கிலாந்துல ஜார்ஜ் கார்வர்டைன்ங்கற வண்டி சஸ்பென்ஷன் இன்ஜினியர் ஸ்பிரிங்கால சமநிலை பண்ற கைக்கு பேட்டன்ட் வாங்குனாரு, ஆங்கிள்பாய்ஸ் மேசை விளக்கு அதுல இருந்து வந்ததுதான். 2002ல வந்த ஐமேக் ஜி4ல தட்டை ஸ்கிரீன் ஒரு பளபள கை மேல மிதக்குற மாதிரி நின்னதும் உள்ள ஸ்பிரிங் இருந்ததாலதான். உயரம் மாத்தணும்னா இதெல்லாம் வேணும், ஏன்னா முழு எடையையும் தூக்கி எறக்கணும். உங்களுக்கு உயரம் மாறப் போறதில்ல, சாய்வு மட்டும்தான் மாறுது. போல்ட்டை எடை மையத்துக்குப் பக்கத்துல கொண்டுபோனாலே ஸ்பிரிங் செய்யுற வேலை முக்கால்வாசி முடிஞ்சுருது. கேஸ் ஸ்பிரிங் பக்கம் போகாதீங்க, அது குறிப்பிட்ட எடைக்கு அமைச்சது, பேனல் லேசா இருந்தா தானா மேல தூக்கும்.

சிவகாசிப்பொண்ணு:

மாமாட்ட படம் குடுத்துட்டேன், பாத்துட்டு சரியாத்தான் இருக்குன்னாரு. 3 மிமீ தகடு, அடித்தகடு 30க்கு 30, போல்ட் உயரம் 18. டிஸ்க் வாஷர் இங்க ஹார்ட்வேர் கடைல கெடைக்கலைன்னா மதுரைல பேரிங் கடைல கேக்கலாம்னு சொன்னாரு. பேனலைப் பூட்டுற ஸ்க்ரூ என்ன அளவு?

பட்டறைக்காரன்_கோவை:

100க்கு 100 ஓட்டைக்கு M4 தானுங்க, 10 மிமீ நீளம் வாங்குங்க. தகடு 3 போனா 7 மிமீ உள்ள இறங்கும். ஓட்டை குழிக்குள்ள இருந்தா நடுவுல ஸ்பேசர் வையுங்க, அதுக்குத் தக்கன நீளம் கூட்டுங்க. கைல சுத்தும்போதே முட்டுற மாதிரி இருந்தா அதோட நிறுத்திருங்க, நீளமான ஸ்க்ரூவைத் திருப்புளி வச்சு அமுக்குனா உள்ள போர்டுல குத்திரும். காத்து வர்ற ஓட்டைகளைத் தகடு மூடாத மாதிரி நடுவுல வெட்டி எடுத்துருங்க. பவர் கேபிளையும் டிஸ்பிளே கேபிளையும் தூண்ல கட்டறதுக்கு முன்னாடி ஸ்கிரீனை முழுசா 35 டிகிரிக்கு சாய்ச்சுப் பாத்துட்டு, அந்த நிலைல தளர்வா இருக்கற மாதிரி கட்டச் சொல்லுங்க. கேபிள் இழுத்துக்கிட்டு இருந்தா நம்ம போட்ட உராய்வுக் கணக்கு மாறிப் போயிரும்.